எட்டரையில் நின்ற முள்

“சப்ஸ்டேஷனா? கரண்ட் இருக்கா, போயிடுத்தா, அதை மட்டும் சொல்லுங்கோ.”

“கீது சார்.”

“இருக்குங்கறேள். இங்க ஆத்துல ட்யூப்லைட் கண்ணடிச்சிண்டே இருக்கு. ஃபேன் பாவம், மூச்சு வாங்கிண்டு சுத்தறது. இதுக்குப் பேர் இருக்கறதா?”

“வோல்டேஜ் கம்மி சார். ஏறிடும்.”

“எப்போ ஏறும்?”

“ஏசி ஓடுதா சார்?”

“எங்கே ஓடறது? உர்ருனு உறுமிண்டு நிக்கறது.”

“அத்த ஆஃப் பண்ணிடுங்க சார். ரிமோட்ல இல்ல, சுவத்துல கீற ஸ்விட்ச்ல.”

“நான் எதுக்குப் பண்ணணும்? மேல் மாடியில ஒருத்தன் மூணு ஏசி வெச்சிண்டிருக்கான், அவனைப் பண்ணச் சொல்லுங்கோ. முதல்ல என் புகாரை எழுதிக்கோங்கோ. பரத்வாஜ். குளக்கரைத் தெரு.”

கதிரேசன் எழுதிக்கொண்டார். பதினொரு நிமிஷத்தில் இது ஒன்பதாவது பெயர். போனை வைத்துவிட்டு எதிரே இருந்த பலகையைப் பார்த்தார். பதினொன்றில் நிற்க வேண்டிய வோல்டேஜ் முள் எட்டரையில் நின்றுகொண்டிருந்தது.

மந்தைவெளிக்கும் அடையாற்றுக்கும் நடுவில், ஒரு பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால் இருந்த அந்தத் துணை மின்நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை பகலுக்கு ஆள் ஒருவர்தான். மற்ற நாட்களில் இன்ஜினீயர் இருப்பார், லைன்மேன்கள் வந்துபோவார்கள், கேட்டருகே யாராவது டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கதிரேசனும் இரண்டு போனும்தான். சாம்பல் நிறப் போன் பொதுமக்களுக்கு. கறுப்புப் போன், ஊர் முழுவதற்கும் மின்சாரத்தைப் பார்த்துக்கொள்ளும் தலைமைக் கட்டுப்பாட்டு அறைக்கு. அதை எல்லோரும் கன்ட்ரோல் என்பார்கள்.

நடந்தது இதுதான். மே மாதம், கத்திரி வெயில், மணி இரண்டு முப்பத்தேழு. ஊருக்கு வெளியே எங்கோ பெரிய லைன் ஒன்றில் பழுது. மரக்கிளை உரசியதோ என்னவோ. கண் சிமிட்டுவதற்குள் அந்தத் துண்டு தானாகவே கழன்றுகொண்டது, மற்ற லைன்கள் பாரத்தை வாங்கிக்கொண்டன. புத்தகப்படி அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு சிமிட்டலில் ஊரில் ஓடிக்கொண்டிருந்த ஏசி மோட்டார்கள் திணறி நின்றுவிட்டன. நின்ற மோட்டார் சும்மா நிற்காது. ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்து மடங்கு இழுத்துக்கொண்டு, சுற்றவும் மாட்டாமல் விடவும் மாட்டாமல் முக்கிக்கொண்டு நிற்கும். அவை இழுப்பதால் வோல்டேஜ் ஏறாது. வோல்டேஜ் ஏறாததால் அவை சுற்றாது. சில, சூடேறித் தாமாக அணையும். அணைந்தது ஆறியதும் மறுபடி முயலும். அதற்குள் இன்னொன்று அணைந்திருக்கும். ஒன்று விட்டால் ஒன்று பிடித்துக்கொள்ளும்.

முழுக்கப் போய்விட்டால் ஜனங்களுக்கு என்ன செய்வதென்று தெரியும். விசிறியை எடுப்பார்கள், பால்கனிக்குப் போவார்கள். இப்படி வந்தும் வராமலும் இருந்தால் ஒருவரும் எதையும் அணைக்க மாட்டார்கள். இதோ வந்துவிடும் என்று உட்கார்ந்திருப்பார்கள்.

கறுப்புப் போனை எடுத்தார்.

“கன்ட்ரோல், நிரஞ்சன்.”

“தம்பி, கதிரேசன் பேசறேன். எட்டரையிலயே நிக்குது. ஏறவேயில்ல.”

“எல்லா இடத்துலயும் அப்படித்தாண்ணே. வெயிட் பண்ணுங்க.”

“குளக்கரை ஃபீடர் நானூறு ஆம்ப்ஸ் இழுக்குது. எப்பவும் இருநூத்திப் பத்துதான். அத்த மட்டும் பத்து நிமிஷம் தொறந்து வுட்டா மத்ததெல்லாம் எழுந்துடும்.”

“நாங்க சொல்லாம எதையும் தொறக்காதீங்க. மேல பேசிக்கினு இருக்காங்க. ரெண்டே நிமிஷம்.”

“டிரான்ஸ்ஃபார்மர் சூடாவுது தம்பி. அதுவா டிரிப் ஆச்சுன்னா ஆறு ஃபீடரும் போயிடும். அடையாறு வரைக்கும் போயிடும்.”

“ரெண்டு நிமிஷம்ணே.”

வைத்துவிட்டான்.

கதிரேசன் எழுந்து பலகைக்கு முன்னால் போய் நின்றார். ஆறு ஃபீடர்களுக்கு ஆறு கைப்பிடிகள், ஆறு மீட்டர்கள். ஒவ்வொரு ஃபீடரும் ஆயிரம் வீடு, ஐந்நூறு வீடு என்று ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் தடம். திறப்பது என்றால் அந்தத் தடத்தை நிறுத்துவது, மூடுவது என்றால் திரும்பக் கொடுப்பது. நான்காவதின்மேல் வெள்ளை பெயின்ட்டில் ‘குளக்கரை’ என்று எழுதியிருந்தது. அந்தத் தடத்தில்தான், சாந்தி நிவாஸ் என்ற மூன்று மாடிக் கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் அவர் மகள் அஸ்வினி இருந்தாள். புருஷன் மஸ்கட்டில். மூன்று மாதத்துக்கு முன்னால் குழந்தை பிறந்திருந்தது. பெண் குழந்தை என்பதுவரை மச்சினி சொன்னாள். பெயர் வைத்துவிட்டார்களா என்று கேட்டதற்கு, “அதை அவகிட்டயே கேளு மாமா, என்னை நடுவுல இழுக்காத” என்று சொல்லிவிட்டாள்.

ஒரு வருஷத்துக்கு முன்னால் இந்த நிலையத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கியவர் அவர்தான். ஆதம்பாக்கத்தில் இருப்பவர் எதற்கு இவ்வளவு தூரம் வருகிறார் என்று ஆபீசில் கேட்டார்கள். பறக்கும் ரயில் வசதி என்றார். ஸ்டேஷனிலிருந்து நடந்தால் குளக்கரைத் தெரு வழிதான் கிட்ட. அவர் சுற்றிக்கொண்டு போவார். தெருவில் அவள் எதிரே வந்துவிட்டால் எந்தப் பக்கம் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தபிறகு நான்காவது மீட்டரைப் பார்ப்பார். தொள்ளாயிரம் வீட்டுச் சுமையில் ஒரு வீட்டின் விளக்கு தெரியாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. இருந்தாலும், சாயங்காலம் முள் லேசாக மேலே நகரும்போது, வீட்டுக்கு வந்து லைட் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வார்.

சாம்பல் போன் அடித்தது.

“சப்ஸ்டேஷன்.”

“சார், லோ வோல்டேஜா இருக்கு. எப்ப சரியாகும்?”

அவர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“ஹலோ? சார்? சாந்தி நிவாஸ்லேர்ந்து பேசறேன். குளக்கரைத் தெரு. லைன்ல இருக்கீங்களா?”

இரண்டரை வருஷம் ஆகியிருந்தது அந்தக் குரலைக் கேட்டு.

அந்த டிசம்பர் வெள்ளத்தில் அவருக்கு வேலை வேளச்சேரிப் பக்கத்து நிலையத்தில். தண்ணீர் இடுப்பளவு. உள்ளே போனவர் வெளியே வர முடியாமல், மாற்று ஆள் உள்ளே வர முடியாமல், மூன்று நாள் தனியாக அந்த அறையில் போன் எடுத்தார். ஆதம்பாக்கம் வீட்டில் மனைவி ரத்னாவுக்கு ஆஸ்துமா. மூன்றாம் நாள் காலை அஸ்வினி அந்தப் பொது எண்ணுக்குக் கூப்பிட்டாள். அவருடைய செல்போன் எப்போதோ செத்துவிட்டிருந்தது. “அப்பா, அம்மாவுக்கு மூச்சு வாங்குதுப்பா. நெபுலைசர் போடணும். அரை மணி நேரம் கரண்ட் விடுப்பா” என்றாள். அதற்கு இவர், “மேடம், தெருப் பெட்டியெல்லாம் தண்ணிக்குள்ள கீது. தண்ணி வடியாம விட முடியாது மேடம். புகார் எழுதிக்கினேன்” என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

அவருக்கு அது ஞாபகமே இல்லை. ஆயிரம் பேரிடம் சொன்னதை ஆயிரத்தோராவது ஆளிடம் வாய் சொல்லியிருக்கிறது. படகு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மறுநாள் ரத்னா போய்விட்டாள். காரியம் முடிந்த அன்று அஸ்வினி கேட்டாள்: “என்னை மேடம்னு கூப்பிட்டது ஞாபகம் இருக்கா?” இல்லையென்று அவர் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அன்னிக்கு லைன் விட்டிருந்தா தண்ணியில நின்ன நாலு பேரு செத்துருப்பாங்கம்மா” என்றும் சொன்னார். அது உண்மைதான். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

“ஹலோ?”

“இருக்கேன்” என்றார் கதிரேசன். “சொல்லுங்க.”

இப்போது அந்தப் பக்கத்தில் பேச்சு நின்றது. பின்னால் எங்கோ ஸ்டெபிலைசர் கீங் கீங் என்று கத்திக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை சிணுங்கியது. போனை வைத்துவிடுவாள் என்றுதான் அவர் நினைத்தார்.

“குழந்தை இருக்கு வீட்ல” என்றாள் கடைசியில். குரல் மாறியிருந்தது. ஆனால் ‘சார்’ மாறவில்லை. “அறையில அனலா அடிக்குது சார். எப்ப ஏறும்னு தெரிஞ்சா நல்லாருக்கும். ஸ்டெபிலைசர் நூத்தி அறுபத்தெட்டு காட்டுது.”

“ஏசி?”

“ஆன்லதான் இருக்கு. உறுமுது, ஓடலை.”

“அதை நிறுத்திடுங்க. மோட்டார் காயில் கருகிடும்.”

டக் என்று ஸ்விட்ச் அணையும் சத்தம் கேட்டது. அவள் காரணம் கேட்கவில்லை, மாடிக்காரனைச் சொல்லவில்லை. ஒன்பது பேரில் யாரும் செய்யாததை உடனே செய்துவிட்டாள். சிறு வயதிலேயே, இடி இடித்தால் அப்பா சொல்லாமல் டிவி ப்ளக்கைப் பிடுங்கிவைக்கிற பெண்.

“இன்னும் நூத்தி அறுபத்தெட்டுதான் சார்.”

“ஒரு வீடு நிறுத்தினா தெரியாது. எல்லாரும் நிறுத்தணும்.”

“எல்லாரும் எப்படி நிறுத்துவாங்க?”

அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். முள் எட்டு புள்ளி மூன்றுக்கு இறங்கியிருந்தது. வெளியே டிரான்ஸ்ஃபார்மரின் இரைச்சல் கனத்துவிட்டது. ‘சூடு’ என்று எழுதியிருந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. கறுப்புப் போனை இன்னொரு காதில் வைத்துப் பார்த்தார். எங்கேஜ்.

“இங்க பாருங்க” என்றார். “உங்க லைனை நான் இப்ப நிறுத்தப்போறேன்.”

“என்னது?”

“குளக்கரை ஃபீடரை. பத்து நிமிஷம், மிஞ்சிப்போனா பன்னண்டு. எல்லாத்தையும்விட அதுதான் அதிகமா இழுக்குது. நிறுத்தலைன்னா ஆறும் போயிடும். அப்புறம் ரெண்டு மணி நேரமோ, மூணு மணி நேரமோ சொல்ல முடியாது.”

அவள் சிரித்தாள். சிரிப்பு நன்றாக இல்லை.

“திரும்பவும் எங்க லைன்தான் கிடைச்சுதா சார்?”

அவர் அதை வாங்கிக்கொண்டார். கைப்பிடியில் கை வைத்திருந்தார். ஐந்தாவது ஃபீடரைத் திறந்தால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. அது இருநூற்று எண்பது இழுத்துக்கொண்டிருந்தது. யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அதைத் திறந்தால் முள் ஒன்பதைத் தாண்டாது என்று முப்பத்தொரு வருஷ அனுபவம் சொன்னது. ஐந்தாவதையும் நிறுத்தி, பிறகு நான்காவதையும் நிறுத்த வேண்டிவரும்.

“இன்னொண்ணும் கீது” என்றார். “திரும்பி விடும்போது எல்லா ஏசியும் ஆன்லயே இருந்தா, ஒரே நேரத்துல எழுந்து மறுபடி இதே கதி ஆவும். எல்லாரும் ஸ்விட்சை அப்படியே வுட்டுட்டுத்தான் உக்காந்துருப்பாங்க. கரண்ட் வந்தா தெரியணும்ல, அதுக்காக.”

“நாங்களும் அப்படித்தான் விடுவோம்.”

“தெரியும்.”

வாய் தவறி வந்துவிட்டது.

“தெரு முழுக்க ஒரு வாட்ஸப் குரூப் இருக்கு” என்றாள் அவள். “நானூறு பேர் இருக்காங்க. தண்ணி லாரி, குப்பை வண்டி, தொலைஞ்ச பூனை, எல்லாம் அதுலதான். போடட்டுமா?”

“போடுங்க.”

“என்னன்னு?”

“பத்து நிமிஷம் கரண்ட் இருக்காது. ஏசி ஸ்விட்சை சுவத்துல அணைங்க. ஃபேன், லைட் போதும். கரண்ட் வந்து கால் மணி நேரம் கழிச்சுப் போட்டுக்கலாம்.”

டிக் டிக் என்று எழுத்து விழும் சத்தம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கையால் அடித்துக்கொண்டிருப்பாள். மூச்சு வாங்குவது தெரிந்தது.

“‘மீறினா மறுபடி போகும்’னு சேர்க்கட்டுமா? பயமுறுத்தினாத்தான் கேப்பாங்க.”

“சேருங்க.”

“யார் சொன்னதுன்னு போடறது? சும்மா போட்டா, நீ யாரு சொல்றதுக்குன்னு அப்துல் கய்யூம் அங்கிளே முதல் ஆளா கேப்பாரு. அவர்தான் செக்ரட்டரி.”

“சப்ஸ்டேஷன் ஆபரேட்டர்னு போடுங்க.”

“பேரு?”

அவர் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பேரு சொல்லுங்க சார்.”

“கதிரேசன்.”

டிக் டிக். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். எட்டு வயதில் ஸ்கூல் டைரியில் தகப்பன் பெயர் என்ற இடத்தில் வரிக்கு வெளியே போய்விடாமல் எழுதிக் கொண்டுவந்து காட்டிய பெயர்.

“போட்டுட்டேன்” என்றாள். “இப்ப நிறுத்துங்க.”

கைப்பிடியைத் திருப்பினார். வெளியே பிரேக்கர் திறந்த சத்தம் துப்பாக்கி மாதிரி கேட்டது. போனும் டொக் என்று நின்றது. வீட்டு வைஃபை வழியாகப் பேசியிருப்பாள் போலிருக்கிறது, அதுவும் கூடவே போயிருக்கும். மணி இரண்டு ஐம்பத்திரண்டு. பதிவேட்டில் எழுதினார்: குளக்கரை, கையால் திறக்கப்பட்டது. அனுமதி என்ற கட்டத்தை ஒன்றும் எழுதாமல் விட்டார்.

முள் அசைந்தது. ஒன்பது. ஒன்பதரை. அங்கே கொஞ்சம் நின்று யோசித்தது. பிறகு, படி ஏறுகிறவர் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறுவதுபோல, பத்து, பத்து புள்ளி இரண்டு, பத்து புள்ளி நாலு. மற்ற ஐந்து ஃபீடர்களின் மீட்டர்களும் ஒவ்வொன்றாகத் தணிந்தன. மோட்டார்கள் எழுந்து சுற்றத் தொடங்கியிருக்கும். அவர் தலைக்கு மேலே ஃபேனும் வேகமெடுத்தது. மேஜைமேல் இருந்த காகிதங்கள் பறந்தன. மேலே டிபன் பாக்ஸைத் தூக்கி வைத்தார். உள்ளே தயிர்சாதம், காலையில் தானே பிசைந்தது. இன்னும் திறக்கவில்லை.

சாம்பல் போன் ஓயவில்லை.

“சார், இருந்த கொஞ்சத்தையும் புடுங்கிட்டீங்களே.”

“பத்து நிமிஷம் சார்.”

“இன்னா சார், எங்களுக்கு மட்டும் ஓரவஞ்சனை? எதிர்த் தெருவுல ஜம்முனு எரியுது.”

“பத்து நிமிஷம்மா.”

“குரூப்ல யாரோ கதிரேசன்னு போட்டிருக்கான், ஏசியை அணைக்கணுமாம். நெஜமா, ஏமாத்து வேலையா?”

“நெஜம் சார். நான்தான்.”

“அப்படியா. அப்ப சரி. அணைச்சுட்டேன்.”

ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அவளாக இருக்குமோ என்று நினைத்தார். அவளில்லை. அந்தப் போன் பழைய செட், கூப்பிட்டவர் எண்ணைக் காட்டாது. அவளுடைய புது நம்பரும் அவரிடம் இல்லை. பத்து நிமிஷம் முடிந்து, இன்னும் இரண்டு நிமிஷம் கொடுத்தார். மாடிப்படி ஏறி வீடு வீடாகத் தட்டுகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு. வெளியே நாற்பத்தொரு டிகிரி. அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் ஓர் அறையில் மூன்று மாதக் குழந்தைக்கு யாரோ விசிறிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று நாலுக்குக் கைப்பிடியை மூடினார். குளக்கரை மீட்டர் குதித்தது. நூற்று ஐம்பது, நூற்று எழுபது. நின்றது. ஏறவில்லை. முள் பத்திலிருந்து இறங்கவில்லை. தெரு முழுக்க இல்லாவிட்டாலும் பாதித் தெரு கேட்டிருக்கிறது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சாம்பல் போன்.

“சப்ஸ்டேஷன்.”

“வந்துடுச்சு சார்.”

முப்பத்தொரு வருஷத்தில், வந்துவிட்டது என்று சொல்வதற்காக ஒருவரும் அந்தப் போனில் கூப்பிட்டதில்லை.

“எவ்ளோ காட்டுது?”

“நூத்தித் தொண்ணூத்தாறு. இருங்க. நூத்தித் தொண்ணூத்தெட்டு.”

“ஏறும். மெதுவாத்தான் ஏறும்.”

“இருநூத்தி ரெண்டு.”

“ம்.”

“இருநூத்தி ரெண்டுலயே நிக்குது.”

“நிக்கும். அப்புறம் நகரும்.”

“இருநூத்தி அஞ்சு.”

கறுப்புப் போன் அடித்தது. உரக்க அடிக்கும் போன் அது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அந்தப் போன் அடிக்குது” என்றாள் அஸ்வினி.

“அடிக்கட்டும்.”

“எடுங்க.”

“அடிக்கட்டும்னு சொல்றேன்ல.”

“எடுக்கலைன்னா உங்க மேல வரும். அப்புறம் அதுக்கும் நான்தான் காரணம்னு ஆகும். எடுங்க. நான் வைக்கலை.”

ரிசீவரை வைக்காமல் மேஜைமேல், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் கிடத்தினார். கறுப்பை எடுத்தார்.

“அண்ணே, இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க? குளக்கரையை யாரைக் கேட்டுத் தொறந்தீங்க?” நிரஞ்சன் குரலை உயர்த்தியிருந்தான். அவனுக்குப் பின்னாலும் யாரோ உயர்த்திக்கொண்டிருந்தார்கள்.

“யாரையும் கேக்கலை. ஒரு தடவ சொன்னேன், மறுபடி போட்டா எங்கேஜ்.”

“வெயிட் பண்ணச் சொன்னேனா இல்லியா?”

“சொன்ன. சூடு லைட்டு வந்துடுச்சு. தொறந்தேன். இப்ப பத்தரையில கீது, நீயே பாரு.”

“அது ஏறுனது வேற விஷயம்ணே. எங்களைக் கேக்காம தொறந்ததுக்கு எழுதிக் குடுக்கணும். ஸ்ரீநாத் சார் நாளைக்குக் காலையில உங்களை ஆபீசுக்கு வரச் சொல்றாரு.”

“வரேன். எழுதியும் தரேன்.”

“அந்த ஃபீடர்லதான் உங்க பொண்ணு வீடு இருக்குன்னு இங்க ஒருத்தர் சொல்றாரு. அதனாலதான் பன்னண்டு நிமிஷத்துலயே திருப்பிக் குடுத்துட்டீங்களான்னு கேக்கறாரு.”

கதிரேசன் மேஜைமேல் கிடந்த ரிசீவரைப் பார்த்தார். அதிலிருந்து சத்தமில்லை.

“ஆமா. அதுல என் பொண்ணு கீது. கைக்கொழந்தையோட கீது. ஒண்டியா கீது. அவ வீடுன்னு அத்த வுட்டுட்டு வேற எதையாவது தொறந்திருந்தா, நீ கேக்கலாம். எது அதிகமா இழுத்துதோ அத்தத் தொறந்தேன். பத்து நிமிஷம்னு ஜனங்களுக்குச் சொன்னேன், பன்னண்டு ஆச்சு. இதையே எழுதிக்க.”

நிரஞ்சன் கொஞ்சம் இறங்கி வந்தான். “நான் கேக்கலைண்ணே. அவங்க கேட்டாங்க.”

“அவங்களுக்கும் இதேதான். வெக்கிறேன்.”

சாம்பல் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். லைன் இருந்தது. அவள் போனை எங்கோ வைத்துவிட்டுக் குழந்தையிடம் போயிருந்தாள். தூரத்தில் ஃபேன் சுற்றும் சத்தம். அழுகை. அழுகைக்கு மேலே அவள் குரல்.

“தோ வந்துட்டேன், தோ வந்துட்டேன். காத்து வந்துடுச்சு பாரு. ஏன் அழறே? கயலு. கயல் குட்டி. என்னம்மா வேணும் என் கயலுக்கு?”

இது தனக்கில்லாத பேச்சு என்று தெரிந்தும் கேட்டுக்கொண்டு நின்றார். பொது லைன். வேறு யாராவது கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், எங்கேஜ் என்று திட்டிக்கொண்டிருப்பார்கள். வைக்க வேண்டும் என்று தெரிந்தது. கை வைக்கவில்லை.

அழுகை சிணுங்கலாகி, பிறகு அதுவும் நின்றது. காலடி.

“இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“கேட்டுச்சு எனக்கு. நீங்க பேசினது.”

“ம்.”

“எழுதிக் குடுக்கணுமா?”

“அது கெடக்குது. வருஷத்துக்கு ரெண்டு எழுதறதுதான்.”

அவள் மெதுவாகக் கேட்டாள்.

“அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சா? ரெண்டு போனும் மாத்தி மாத்தி அடிச்சுக்கிட்டு?”

“ஆமா.”

“கூட யாருமே இல்லையா?”

“தண்ணி. யாரும் உள்ள வர முடியலை.”

“சாப்பாடு?”

“மொத நாள் பிஸ்கட் இருந்துச்சு.”

“என்கிட்ட சொல்லலியே நீங்க.”

“நீ கேட்டது வேற. நான் சொன்னது வேற.” அவர் ரிசீவரை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். “இன்னா சொல்லியிருக்கணும்னு அப்ப எனக்குத் தெரியலம்மா. இப்பவும் தெரியல.”

அந்தப் பக்கம் நீண்ட நேரம் ஃபேன்தான் கேட்டது. அவர் காத்திருந்தார். சரி என்பாள், மன்னித்தேன் என்பாள் என்றெல்லாம் எதிர்பார்க்கவில்லை. வைக்காமல் இருந்தாள், அதுவே பெரிசு.

“இருநூத்திப் பதினாறு” என்றாள்.

“அது போதும். கால் மணி கழிச்சு ஏசி போட்டுக்க. அறை குளுந்ததும் இருபத்தாறுல வை. கொழந்தைக்குக் கீழ வேணாம்.”

“இருபத்தேழுலதான் வைக்கறேன்.”

“நல்லது.”

“ஞாயித்துக்கிழமை எல்லாம் நீங்கதானா அங்க?”

“ஞாயிறு, புதன். பகல்ல.”

“சரி.” பிறகு, “வைக்கறேன். வேற யாராவது ட்ரை பண்ணிக்கிட்டு இருப்பாங்க” என்றாள்.

வைத்துவிட்டாள்.

ரிசீவரைத் திரும்ப அதன் இடத்தில் வைத்த மறு நொடியே போன் அடித்தது. கதிரேசன் உடனே எடுக்கவில்லை. காதில் இருந்ததை இன்னும் கொஞ்சம் நேரம் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மூன்று முறை மணி அடிக்க விட்டு எடுத்தார்.

“சப்ஸ்டேஷன்.”

“நான் பரத்வாஜ். கரண்ட் ஜோரா வந்துடுத்து. ஏசியைப் போட்டுக்கலாமோன்னோ?”

“கால் மணி ஆவட்டும் சார். மாடியில கீறவரும் நீங்களும் ஒண்ணா போடாதீங்க. ஒருத்தர் போட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொருத்தர்.”

“யார் முதல்ல போடறது?”

“அது நீங்க ரெண்டு பேரும் பேசிக்கணும் சார்.”

“அவனோட நான் பேசி ஆறு வருஷம் ஆறது.”

கதிரேசன் டிபன் பாக்ஸின் மூடியைத் திறந்தார். தயிர்சாதம் லேசாகப் புளித்திருந்தது. அந்தப் பக்கத்திலும் ஆள் போனை வைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.